திரும்பவும் அனுப்பு

அன்பு மகளுக்கு,

உன் மெயில் வந்து இரண்டு நாள் ஆகிறது. "இனி எதற்கும் விண்ணப்பிக்கப் போவதில்லை அம்மா, எனக்கு இது சரிப்பட்டு வராது" என்று ஒரே ஒரு வரி எழுதி, உன் காசநோய் ஆய்வுக்கு நிதி கேட்ட இடத்திலிருந்து வந்த மறுப்புக் கடிதத்தையும் மூன்று மதிப்பீட்டாளர்களின் கருத்துகளையும் கீழே இணைத்திருந்தாய். உடனே போன் செய்திருப்பேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் சமாதானம் சொல்வேன், அதோடு முடிந்துவிடும். அதனால் அந்தக் கருத்துகளை நான்கு முறை உட்கார்ந்து படித்தேன், படித்த பிறகுதான் எழுதுகிறேன்.

நான் ஆராய்ச்சியாளர் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் 26 வருடம் ஆய்வு நிதிப் பிரிவில் உட்கார்ந்து மற்றவர்களின் ப்ரபோசல்களை வாங்கி, பட்ஜெட் சரிபார்த்து, கையெழுத்து வாங்கி அனுப்பியவள். வந்த முடிவுகளையும் முதலில் பிரித்துப் பார்த்தவள் நான்தான். அத்தனை வருடத்தில் நான் கண்டது ஒன்றுதான். பணம் கிடைத்தவர்களில் பெரும்பாலானவர்கள் அதே ஃபைலை இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ என் மேசைக்குக் கொண்டுவந்தவர்கள். முதல் மறுப்போடு போனவர்களில் எவ்வளவோ நல்ல கேள்வி வைத்திருந்தவர்கள் இருந்தார்கள், அவர்கள் திரும்பி வரவே இல்லை. அவர்கள் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அந்த வரிசையில் நீயும் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன்.

அம்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைக்காதே. இதையே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் இளம் ஆய்வாளர்களுக்கான ஒரு நிதித் திட்டத்தில், தகுதிக் கோட்டுக்குச் சற்று மேலே வந்தவர்களையும் சற்றுக் கீழே நின்றவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளிவந்தது. இரு தரப்பின் மதிப்பெண்ணிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் அடுத்த 8 வருடங்களில், மேலே வந்தவர்களுக்குக் கிடைத்த ஆய்வுப் பணம் மற்றவர்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அதற்கு ஒரு காரணம், தோற்றவர்கள் அதற்குப் பிறகு அவ்வளவாக விண்ணப்பிக்கவே இல்லை என்பது. இதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது, ஏனென்றால் நான் மேசையில் பார்த்ததும் அதுவேதான். அடுத்த வருடம் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில், அதுதான் என்ஐஎச், மயிரிழையில் நிதி தவறிய இளம் ஆய்வாளர்களைப் பற்றி இன்னொரு ஆய்வு வந்தது. அவர்களில் சிலர் துறையை விட்டே போய்விட்டார்கள். தொடர்ந்து நின்றவர்களோ, பின்னாளில் மயிரிழையில் வென்றவர்களைவிட அதிகம் பேர் மேற்கோள் காட்டும் கட்டுரைகளை எழுதினார்கள்.

அந்த மூன்று பேரின் கருத்துகளுக்கு வருவோம். ஒருவர் உன்னைப் பாராட்டியிருக்கிறார், ஒருவர் முறையியல், அதாவது ஆய்வை எப்படிச் செய்வாய் என்பது, தெளிவில்லை என்கிறார், இன்னொருவர் இது சமூகவியலே இல்லை, மருத்துவம் என்கிறார். ஒரே ப்ரபோசலைப் படித்துவிட்டு மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதை நீ உன் குறையாக எடுத்துக்கொண்டாய். 25 விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்து என்ஐஎச் முறைப்படியே மதிப்பிடச் சொன்ன ஆய்வு ஒன்றும் 2018இல் வந்தது. ஒரே விண்ணப்பத்தைப் பார்த்தவர்களுக்குள் ஒத்த கருத்து ஏறக்குறைய இல்லவே இல்லை. இதெல்லாம் தெரிந்துதான் நியூசிலாந்தின் சுகாதார ஆய்வு மன்றம் 2013இல் ஒரு திட்டத்தில், தகுதியான விண்ணப்பங்களைப் பிரித்தெடுத்த பிறகு குலுக்கல் போட்டுப் பணம் கொடுக்கத் தொடங்கியது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் அறக்கட்டளையும் பிரிட்டிஷ் அகாடமியும் பிறகு அதே வழியை முயன்று பார்த்தன. ஒரு கட்டத்துக்கு மேல் நல்லதில் எது இன்னும் நல்லது என்று சொல்ல முடியவில்லை என்பதை அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள், நீ மட்டும் ஏன் அந்த மூன்று பத்திகளைத் தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொள்கிறாய்?

ஆனால் கருத்துகளைத் தூக்கி எறியவும் கூடாது. இரண்டாமவர் சொன்னது சரி. 40 பேரிடம் பேசப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய், அந்த 40 பேர் யார், எப்படித் தேர்ந்தெடுப்பாய், மருந்தைப் பாதியில் விட்டவர்களை எங்கே போய்த் தேடுவாய் (மருத்துவமனைக்கு வருவதை நிறுத்தியவர்களைத்தானே நீ தேடுகிறாய்?) என்று ஒரு வரி கூட இல்லை. நானே படிக்கும்போது அந்த இடத்தில் நின்றேன். இதைத் திருத்த ஒரு வாரம் போதும்.

மூன்றாமவர் சொன்னதுதான் பெரிய விஷயம், நீ அதைத் தப்பாகப் புரிந்துகொண்டாய். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம், அதை ஏன் பலர் நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள் என்பது உன் கேள்வி. நோய் மருத்துவத்தில் இருக்கிறது, விடுவதற்கான காரணம் வீட்டிலும் கூலியிலும் கூச்சத்திலும் இருக்கிறது. இப்படி நடுவில் நிற்கும் கேள்வியை சமூக அறிவியல்காரர்கள் மருத்துவம் என்பார்கள், மருத்துவக்காரர்கள் சமூகவியல் என்பார்கள். உதாரணத்துக்கு, அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை சமூக அறிவியலுக்கு நிறையக் கொடுத்து வந்திருக்கிறது, ஆனால் நோயைக் குணப்படுத்துவதையோ தடுப்பதையோ நோக்கமாகக் கொண்ட ஆய்வுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை, அது என்ஐஎச் வேலை என்று விட்டுவிடுவார்கள். இது தெரியாமல் அனுப்பி, படிக்கப்படாமலே திரும்பி வந்த ஃபைல்களை நான் பார்த்திருக்கிறேன். உன் கேள்வியில் குறை இல்லை கண்ணு, நீ தட்டிய கதவு வேறு.

சரி, எந்தக் கதவு? லண்டனில் இருக்கும் வெல்கம் அறக்கட்டளையை முதலில் பார். ஹென்றி வெல்கம் என்ற மருந்து நிறுவன அதிபர் 1936இல் இறந்தபோது விட்டுப்போன சொத்தில் உருவானது அது, ஆரோக்கியம் பற்றிய சமூக அறிவியலுக்கும் வரலாற்றுக்கும்கூட நிதி தரும். அடுத்து வென்னர்-கிரென் அறக்கட்டளை, 1941இல் தொடங்கியது, மானுடவியலுக்கு மட்டும். முனைவர் பட்டக் கள ஆய்வுக்கு அவர்களிடம் தனித் திட்டம் உண்டு, எந்த நாட்டவரும் போடலாம். உன் கேள்வியை மானுடவியல் மொழியில் சொல்ல உன்னால் முடியும், ஆனால் நிஜமாகவே அந்தத் துறை விவாதத்தில் உன் ஆய்வு எதைச் சேர்க்கிறது என்று சொல்ல வேண்டும், வெறும் பூச்சு போட்டால் கண்டுபிடித்துவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தில் டிடிஆர் என்றொரு சிறப்புத் திட்டம் 1975 முதல் இருக்கிறது, ஏழைகளை வாட்டும் தொற்றுநோய்களுக்கான சிகிச்சை மக்களிடம் ஏன் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்பதுதான் இப்போது அவர்கள் அதிகம் கவலைப்படும் கேள்வி. அவர்கள் அறிவிப்புகளையும் கண்ணில் வைத்துக்கொள். என்ஐஎச்சிலேயே நடத்தை, சமூக அறிவியல்களுக்கென ஓர் அலுவலகம் உண்டு, ஆனால் அங்கே மாணவர் ஃபெலோஷிப்கள் பெரும்பாலும் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும்தான், அதில் நேரத்தை விடாதே. 2025இல் அமெரிக்காவில் ஏற்கெனவே கொடுத்த நல்கைகளையே (கிராண்ட்) ஆயிரக்கணக்கில் பாதியில் நிறுத்தினார்கள், அதனால் ஒரே நாட்டை, ஒரே நிறுவனத்தை நம்பி உட்காருவதும் வேண்டாம்.

இன்னும் தேட வேண்டுமானால் கூகுளில் போய் ஃபெலோஷிப் என்று தட்டாதே, அதில் பாதி காலாவதியானவை, சில மோசடி. நீ விண்ணப்பிக்காத உதவித்தொகை கிடைத்துவிட்டது, முன்பணம் கட்டு என்று மெயில் வந்தால் அப்படியே அழித்துவிடு. நான் சொல்லும் வழி பழையது, ஆனால் பலிக்கும். உன் தலைப்புக்கு நெருக்கமான 20 கட்டுரைகளை எடு. கடைசிப் பக்கத்தில் நிதி உதவி யார் என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள், அதை மட்டும் ஒரு நோட்டில் எழுது. எந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதோ அவர்களுக்கு உன் மாதிரிக் கேள்வி பிடிக்கும். என்ஐஎச் தான் நிதி கொடுத்த ஆய்வுகளையெல்லாம் ரிப்போர்ட்டர் என்ற தளத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அங்கே உன் ஆய்வுச் சுருக்கத்தை அப்படியே ஒட்டினால் ஒத்த ஆய்வுகளையும், அவற்றைக் கவனிக்கும் அதிகாரிகளின் பெயர்களையும் காட்டும். ஐரோப்பிய ஒன்றியம் நிதி கொடுத்த ஆய்வுகளுக்கு கார்டிஸ் என்ற தளம் இருக்கிறது. அங்கே பணம் கேட்காவிட்டாலும் ஜெயித்தவர்கள் தங்கள் கேள்வியை எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று படிக்கலாம். உங்கள் நூலகத்தில் பிவட் என்ற நிதித் தேடல் தளத்துக்குச் சந்தா இருக்கிறதா என்றும் கேட்டுப் பார், பல பல்கலைக்கழகங்களில் இருக்கும், மாணவர்களில் பலருக்கு அது தெரியாது.

அப்புறம், திட்ட அதிகாரிக்கு, அதாவது நிதி கொடுக்கும் இடத்தில் அந்தத் திட்டத்தைக் கவனிப்பவருக்கு, மெயில் எழுது. இதை நீ செய்ய மாட்டேன் என்பாய், உனக்குக் கூச்சம். எழுதித்தான் ஆக வேண்டும். ஒரு பத்தியில் கேள்வி, ஒரு வரியில் "இது உங்கள் திட்டத்துக்குள் வருமா?", அவ்வளவுதான். அதற்குப் பதில் சொல்வது அவர்கள் வேலையின் ஒரு பகுதி. "வராது" என்று பதில் வந்தால் உனக்கு இரண்டு மாதம் மிச்சம். ஆஸ்திரேலியாவில் கணக்குப் போட்டார்கள், 2012இல் ஒரே மருத்துவ ஆய்வு நிதித் திட்டத்துக்கு விண்ணப்பம் எழுத ஆய்வாளர்கள் செலவிட்ட நேரத்தைக் கூட்டினால் 500 வருடத்துக்கும் மேல். ஒரு மெயில் எழுத 20 நிமிடம்.

பட்ஜெட்டைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன், என் வேலை அதுதான். உன் பட்ஜெட் ரொம்பக் குறைவு. குறைவாகக் கேட்டால் கொடுப்பார்கள் என்று நினைத்துவிட்டாய், எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைக்கிறார்கள். மதிப்பீட்டாளர் அதைப் பார்த்துவிட்டு, களம் எப்படி இருக்கும் என்றே இவளுக்குத் தெரியாது என்று முடிவு செய்வார். ஒரு மணி நேரப் பேட்டியைக் கேட்டு முழுதாக எழுத 4 முதல் 6 மணி நேரம் ஆகும். 40 பேட்டி என்றால் குறைந்தது 160 மணி நேரம், மொழிபெயர்ப்பு தனி. அதை யார் செய்வது, யார் கூலி கொடுப்பது? வேலையை விட்டுவிட்டு உன்னிடம் பேச வருபவருக்குப் போக்குவரத்துச் செலவு? மனிதர்களிடம் ஆய்வு செய்ய அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வரச் சில மாதம் ஆகும், உன் கால அட்டவணையில் முதல் மாதமே பேட்டி தொடங்குகிறது. நிறுவன மேல்செலவை (கட்டடம், மின்சாரம், அலுவலகம் என்று பல்கலைக்கழகம் கேட்கும் பங்கு) எல்லோரும் தர மாட்டார்கள், வென்னர்-கிரென் தருவதில்லை, அதை உங்கள் அலுவலகத்தில் முன்பே சொல்லி வைக்காவிட்டால் கடைசி நாளில் சண்டை வரும்.

கடைசி நாள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஒருவர் மூன்று வருட உழைப்பைக் கடைசி நாள் மதியம் கொண்டுவந்தார், துறைத்தலைவர் கையெழுத்து இல்லை, துறைத்தலைவர் ஊரிலேயே இல்லை. 5 மணி என்று போட்டிருந்தது நிதி கொடுப்பவர் நாட்டு நேரம், நமக்கு அது ஏற்கெனவே தாண்டிவிட்டிருந்தது. அவர் என் மேசை முன்னால் நின்றுகொண்டே இருந்தார், நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. உள் அலுவலகத்துக்கான கெடு எப்போதும் வெளிக் கெடுவுக்கு ஒரு வாரமாவது முன்னால் இருக்கும், அதையே உண்மையான கடைசி நாளாக எழுதி வை. பரிந்துரைக் கடிதம் எழுதுபவர்களிடம் ஆறு வாரம் முன்பே கேள், கேட்கும்போதே வரைவையும் சிவியையும் சேர்த்துக் கொடு, அவர்கள் எதைக் குறிப்பிட்டால் உனக்கு உதவும் என்பதையும் கூச்சப்படாமல் சொல்.

இப்போது அனுப்பப் போவது ஆய்வு நல்கைக்கு. பட்டம் முடித்த பிறகு ஃபெலோஷிப் பக்கம் போவாய், அது வேறு மாதிரி. நல்கை கொடுப்பவர் ஆய்வைப் பார்ப்பார், ஃபெலோஷிப் கொடுப்பவர் ஆளையும் பார்ப்பார், இந்த இடத்தில் இவரிடம் இரண்டு வருடம் இருந்தால் நீ என்னவாக வருவாய் என்று கேட்பார். ஐரோப்பாவின் மேரி கியூரி ஃபெலோஷிப்பில் நீ போகிற நாட்டில் கெடு நாளுக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது, முனைவர் பட்டம் பெற்ற பிறகு 8 வருடம் என்ற வரம்பும் உண்டு. எங்கே எப்போது போய் இருப்பது என்று முடிவு செய்யும்போது இந்தக் கணக்கையும் மனதில் வை.

இப்போதைக்கு முதல் பக்கம் மட்டும். என்ஐஎச்காரர்கள் ஆய்வின் நோக்கங்களை ஒரே பக்கத்தில் கேட்பார்கள், அது நல்ல பழக்கம், யாருக்கு அனுப்பினாலும் அப்படி ஒரு பக்கம் எழுதிவிட்டு மிச்சத்தைத் தொடு. உன்னுடைய பழைய முதல் பக்கத்தில் நான்கு பத்தி முழுக்க யார் யார் என்ன சொன்னார்கள் என்றுதான் இருக்கிறது, உன் கேள்வி ஐந்தாவது பத்தியில் வருகிறது. போன வருடம் இதே விஷயத்தை என்னிடம் போனில் சொன்னபோது, நாலாவது மாதம் இருமல் நின்றதும் மருந்தை விட்டுவிட்டுத் திரும்ப வேலைக்குப் போன ஒரு பெண்ணில் இருந்து ஆரம்பித்தாய். நான் அன்று தூங்கவில்லை. அதை ஏன் எழுதவில்லை?

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்த ஒரு பக்கத்தை எழுதி எனக்கு அனுப்பு. எழுத்துப்பிழை பார்க்க மாட்டேன், எனக்கு எங்கே புரியவில்லையோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். திங்கட்கிழமை நீ திட்ட அதிகாரிக்கு மெயில் போடு, எனக்கும் ஒரு பிரதி வை.

அன்புடன்,
அம்மா