தோப்பு இருந்தால் போதாது, அடங்கலிலும் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பூர்வீகக் காட்டை, அதாவது விவசாய நிலத்தை, விற்றால் வரி வருமா என்று கேட்பவர்கள் முதலில் அடங்கலை (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கை) எடுத்துப் பாருங்கள். தென்னை குலை தள்ளி நின்றாலும் கிராமக் கணக்கில் ‘தரிசு’ என்றிருந்தால், விவசாய நிலம் என்று வரித்துறையிடம் நிரூபிப்பது பெரும்பாடு. பசலி எனும் வருவாய்த் துறைக் கணக்காண்டு ஜூலை 1-இல் பிறக்கிறது. ஆண்டுதோறும் பயிரைப் பதியச் சொல்லி நகல் வாங்கி வையுங்கள். பட்டா இன்னும் அப்பா பெயரில் கிடந்தால், வாரிசுச் சான்றோடு இ-சேவை மையத்தில் மாற்ற மனுக் கொடுங்கள்.

நகர எல்லைக்கும் நிலத்துக்கும் உள்ள தூரத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கோவை மாநகராட்சி எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் நிலம் இருந்தால், விவசாய நிலமே ஆனாலும் விற்பனை லாபத்துக்கு வரி உண்டு. பொள்ளாச்சி போன்ற நகராட்சிக்கு 2 கி.மீ. சாலை வழியாக அல்ல, நேர்கோட்டில் அளப்பார்கள். தாசில்தாரிடம் தூரச் சான்று கேட்டு வாங்கிவிட்டு, பிறகு கிரயம் பேசுங்கள்.

- வாசகர், பொள்ளாச்சி