வயதான நாய்க்குக் காப்பீடு: பிரீமியத்துக்கு முன் மருத்துவக் குறிப்பைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எட்டு, ஒன்பது வயதைத் தாண்டிய நாய்க்குக் காப்பீடு எடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது பிரீமியம் எவ்வளவு என்றுதான். குட்டிக்கு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம். வயதான நாய்க்கு அதன் மருத்துவக் குறிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாலிசிக்கு முன்பே இருந்த நோய்க்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாகப் பணம் தருவதில்லை. இது பலருக்கும் தெரியும். தெரியாதது, 'முன்பே இருந்த நோய்' என்பதற்கு அவர்கள் கொள்ளும் பொருள். மருத்துவர் பரிசோதித்துப் பெயர் சொன்ன நோய் மட்டுமல்ல, அறிகுறி தென்பட்டிருந்தாலே அதில் அடங்கிவிடும். 'பின்னங்கால் சற்று விறைப்பு' என்று இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வரி எழுதியிருந்தால், இன்று கேட்கும் மூட்டுவாதக் கிளைமை மறுக்க அதுவே போதும். 'தண்ணீர் அதிகம் குடிக்கிறது' என்ற வரி இன்னும் ஆபத்தானது. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், குஷிங் நோய் (உடலில் கார்டிசால் ஹார்மோன் மிகுவதால் வருவது) என மூன்றுக்கும் அது பொதுவான அறிகுறி. முதல் கிளைம் வரும்போதுதான் பல நிறுவனங்கள் பழைய குறிப்புகளை முழுவதுமாக வரவழைத்துப் படிக்கின்றன. அதுவரை கட்டிய பிரீமியம் எதற்காக என்பது அப்போதுதான் தெரிய வருகிறது.

ஆகவே விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன், நாயைப் பார்த்த எல்லா மருத்துவர்களிடமிருந்தும் சிகிச்சைக் குறிப்புகளை வாங்குங்கள். தடுப்பூசி அட்டையும் பில்லும் போதாது; ஒவ்வொரு வருகையின்போதும் அவர்கள் எழுதிய குறிப்பு வேண்டும். காதுத் தொற்று, வயிற்றுப்போக்கு போன்றவை முழுமையாகக் குணமாகியிருந்தால், குணமான தேதியுடன் அதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். குணமான நோய் ஆறு மாதமோ ஒரு வருடமோ அறிகுறியின்றி இருந்தால் சில நிறுவனங்கள் அதை மறுபடி ஏற்கின்றன. இருப்பதை அழிக்கவோ மாற்றவோ மட்டும் மருத்துவரைக் கேட்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் கிளைமோடு பாலிசியும் போய்விடும்.

முழங்கால் ஜவ்வு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு காலில் ஜவ்வு கிழிந்த நாய்களில் ஏறத்தாழ பாதிக்கு, பிறகு மற்ற காலிலும் கிழிகிறது. இது நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் பாலிசிக்கு முன் இடது முழங்காலில் கோளாறு இருந்தால், நன்றாக இருக்கும் வலது முழங்காலையும் சேர்த்தே விலக்கி வைக்கும் விதி பல பாலிசிகளில் உண்டு. இடுப்பு மூட்டு, கண் போன்ற இரட்டை உறுப்புகளுக்கும் இதே விதி வரலாம். பாலிசி எடுத்த பிறகு கிளைம் கேட்க முடியாத காத்திருப்புக் காலமும் ஒரே அளவில் இருக்காது. விபத்துக்குச் சில நாள், நோய்க்கு இரண்டு முதல் நான்கு வாரம், ஜவ்வுக்குச் சில இடங்களில் ஆறு மாதம். அந்தக் காலத்துக்குள் அறிகுறி தெரிந்தால் அதுவும் முன்பே இருந்த நோய்க் கணக்கில் சேர்ந்துவிடும்.

அடுத்தது, ஒரு நோய்க்கு நிறுவனம் எவ்வளவு, எதுவரை பணம் தரும் என்ற உச்சவரம்பு. ஒரு நோய்க்கு முதல் 12 மாதம் மட்டும் பணம் தந்து நிறுத்திவிடும் பாலிசி, பிரீமியம் குறைவு என்பதால் கண்ணை ஈர்க்கும். ஆனால் வயதான நாய்க்கு வருவது இதய வால்வு நோய், நாள்பட்ட சிறுநீரக நோய், மூட்டுவாதம் போன்றவை. சாகும்வரை மாத்திரை கேட்பவை. இவற்றுக்கு, ஒவ்வொரு வருடமும் வரம்பு புதுப்பிக்கப்படும் பாலிசிதான் பயன்படும். விபத்துக்கு மட்டுமான பாலிசியில் இவை எதுவும் வராது. வயிறு உப்பித் திருகிக்கொள்வதைக்கூட விபத்தாக ஏற்காத நிறுவனங்கள் உண்டு.

பணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் கேளுங்கள். செலவு 1,000, நாம் முதலில் ஏற்க வேண்டியது 200, மீதியில் நிறுவனம் தருவது 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 200-ஐக் கழித்துவிட்டு 80 சதவீதம் பார்த்தால் 640 கிடைக்கும். 80 சதவீதம் பார்த்துவிட்டு 200-ஐக் கழித்தால் 600தான். அந்த 200 வருடத்துக்கு ஒருமுறையா, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியா என்பது இதைவிட முக்கியம். வயதான நாய்க்கு ஒரே வருடத்தில் மூன்று நோய் வருவது அரிதல்ல. குறிப்பிட்ட வயதுக்குமேல் நம் பங்குச் சதவீதத்தைத் தானாகவே உயர்த்தும் விதியும் சில பாலிசிகளில் இருக்கும். அது எந்த வயதில் என்று பாருங்கள்.

பல் சிகிச்சை, மருத்துவர் கட்டணம், ஸ்கேன், சிறப்பு உணவு, பிசியோதெரபி ஆகியவை சேர்ந்தவையா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பல்லுக்குப் பணம் தரும் இடங்களிலும், வருடாந்தரப் பல் பரிசோதனை நடந்ததற்கான பதிவைக் கேட்பார்கள்.

எடுத்த பாலிசியைத் தவணை தவறி விடாதீர்கள். ஒருமுறை காலாவதியானால், அதுவரை பணம் கிடைத்துக்கொண்டிருந்த நோயெல்லாம் அடுத்த பாலிசியில் விலக்காகிவிடும். விலை குறைவு என்று வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் இதே கதிதான். வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும் என்பதால், முதல் வருடத் தொகையை மட்டும் பார்க்காமல், 12 வயது நாய்க்கு அதே திட்டத்தில் இன்று என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மூட்டு, இதயம், சிறுநீரகம் மூன்றும் ஏற்கெனவே குறிப்பில் இருக்கும் நாய்க்கு முழுப் பாலிசி எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பிரீமியத்தை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வைப்பதே அந்த நாய்க்கு அதிகம் உதவும்.

காப்பீட்டு நிறுவனங்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு கோரிக்கை. ஏழு வயதுக்கு மேற்பட்ட நாயைச் சேர்க்கும்போதே அதன் குறிப்புகளைப் படித்து, எவை எவை விலக்கு என்று எழுத்தில் கொடுங்கள். கேட்டால் இப்படிச் செய்து தரும் நிறுவனங்கள் சில இருக்கின்றன. அதை எல்லாருக்கும் வழக்கமாக்க முடியும். அறுவை சிகிச்சை மேசையில் நாய் படுத்திருக்கும்போது, 'இந்தக் கால் பாலிசியில் இல்லை' என்ற செய்தியை அதன் வீட்டார் முதல்முறையாகக் கேட்கும் நிலை இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு கால்நடை மருத்துவர்