கதிருக்கு: வீட்டில் லைன் இல்லாத விஷயம்

அன்பு மகன் கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், முதலில் அதை மனதில் வை. கூப்பிட்டபோதெல்லாம் லைன் கிடைக்கவில்லை என்று மலாயில் சொல்லும் அந்தப் பதிவுக் குரல்தான் வந்தது என்று பயந்துபோய், ராத்திரி நேரத்தில் பக்கத்து வீட்டு அங்கிளை எழுப்பி அனுப்பிவிட்டாய். அவர் வந்து கேட்டைத் தட்டியபோது நான் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். போனில் சொல்ல வந்தால் பாதியில் அறுந்துவிடுகிறது. அதனால்தான் எழுதிப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புகிறேன். வேலை முடிந்து வந்து நிதானமாகப் படி.

மெல்பர்னிலிருந்து புது போன் அனுப்புகிறேன் என்றாய். வீட்டைப் பூட்டிவிட்டுக் கோலாலம்பூரில் அக்காவோடு போய் இருங்கள் என்றும் சொன்னாய். உன் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இரண்டும் வேண்டாம், தம்பி.

பினாங்கு டவுனில், கொம்தார் கட்டடத்தில் போன் பழுது பார்க்கும் ஒரு சீனப் பையனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நல்ல பையன், பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். "ஆண்டி, போன் கெட்டுப்போகவில்லை" என்றான். போனை என் கண்ணெதிரே மேசையில் வைத்து, மேல் ஓரத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, என் நம்பரிலிருந்து அவனுடைய போனுக்கு அடித்தான். அதுவரை 4ஜி என்று இருந்த இடத்தில், அடித்த மறு நொடி, 'ஈ' என்று ஒற்றை ஆங்கில எழுத்து வந்து நின்றது. பேச்சை வெட்டியதும் மறுபடி 4ஜி. இத்தனை வருடம் கையில் வைத்திருக்கிற போன், அதை நான் கவனித்ததே கிடையாது.

விஷயம் இதுதான். நீ வாங்கிக் கொடுத்த அந்த போனுக்கு 4ஜி தெரியும், ஆனால் இன்டர்நெட்டுக்கு மட்டும். வாய் திறந்து பேச வேண்டுமென்றால் அது பழைய லைனுக்கு இறங்கிவிடும். முன்பு 3ஜிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அந்த 3ஜியை 2021 டிசம்பர் 31-க்குள் மலேசியா முழுவதும் மூடினார்கள். அதற்கப்புறம் இறங்க மிச்சமிருப்பது 2ஜி ஒன்றுதான், நான் பார்த்த 'ஈ' அதன் அடையாளம். டவுனில் அது பலமாகக் கிடைக்கிறது, அதனால் கடையில் பேச முடிந்தது. 2ஜிக்கு வைத்திருந்த அலைவரிசையையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து 4ஜிக்குக் கொடுக்கிறார்கள் என்று பையன் சொன்னான். 4ஜியிலேயே பேசுவதற்கு 'வோல்டி' என்று ஒன்று போனில் இருக்க வேண்டுமாம். என் போனில் அது இல்லை.

நம் வீட்டு அமைப்பு உனக்குத் தெரியும். பின்னால் ஆயர் ஈத்தாம் மலைச்சரிவு. முன்னால் காலியாகக் கிடந்த இடத்தில் இப்போது உயரமான ஃப்ளாட் எழும்பிவிட்டது. சுவரோ அந்தக் காலத்துச் செங்கல் சுவர். போதாததற்கு, அப்பா இருந்தபோது கூரை மாற்றினோமே, வெயில் இறங்காமல் இருக்க ஓட்டுக்கு அடியில் வெள்ளிக் காகிதம் மாதிரி அலுமினியத் தாள் விரித்தோம். அந்தத் தாள் வெயிலை மட்டுமல்ல, சிக்னலையும் திருப்பி அடிக்குமாம். போனிலேயே சிக்னலின் அளவை எண்ணில் பார்க்கிற இடத்தையும் பையன் காட்டினான். மைனஸ் போட்டு வரும், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. வீட்டுக்கு வந்து நடந்து நடந்து பார்த்தேன். கேட்டருகே மைனஸ் 98. தையல் மெஷின் பக்கத்தில் மைனஸ் 117. நான் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பது மெஷின் பக்கத்தில்.

வைஃபை இருக்கிறதே, வாட்ஸாப்பில் பேசினால் போதாதா என்று கேட்பாய். உனக்கும் எனக்கும் போதும். எனக்குத் துணி கொடுக்கிற அக்காமாருக்குப் போதாது. கேட்டில் அப்பா எழுதி மாட்டிய பலகையில் இருக்கிற நம்பரைத்தான் அவர்கள் நோட்டில் குறித்து வைத்திருக்கிறார்கள். அடித்துப் பார்ப்பார்கள், லைன் போகாவிட்டால் வேறு தையற்காரியிடம் போய்விடுவார்கள். தீபாவளி மாதத்தில் அப்படி நடந்தால் வருடத்து வரும்படியே போச்சு. கண் கிளினிக்கிலிருந்து தேதி மாற்றிச் சொல்வதும் அதே நம்பருக்குத்தான். அதனால் நம்பரை மாற்றவே மாட்டேன். மாற்றவும் தேவையில்லை. பழைய சிம்மைக் கொடுத்து அதே நம்பருக்குப் புது சிம் வாங்கலாம். கம்பெனியையே மாற்றினாலும் நம்பரைக் கூடவே கொண்டுபோகலாம், 2008-லிருந்தே இங்கே அந்த வசதி இருக்கிறது.

நீ அங்கிருந்து போன் அனுப்ப வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. வோல்டி போனில் இருந்தால் மட்டும் போதாதாம், இங்குள்ள கம்பெனியும் அந்த மாடலை ஏற்றுக்கொள்ள வேண்டும். வேறு நாட்டுக்கென்று செய்த போன் இங்கே வந்து பழையபடி 2ஜிக்கே இறங்கலாம். 2024 அக்டோபரில் உங்கள் ஊரில் 3ஜியை மூடியபோது, அவசர எண்ணான 000-க்கு 4ஜியில் பேச முடியாத போன்களை அடியோடு நிறுத்திவிட்டார்கள் என்று நீதானே சொன்னாய்? உன் அறைத்தோழன் நல்ல போனைத் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது என்று வருத்தப்பட்டாயே. போன் இங்கேயே வாங்கிக்கொள்கிறேன். காசு கொடுப்பதற்கு முன்னால் என் சிம்மைப் போட்டு ஒரு கால் அடிக்கச் சொல்வேன். பேசும்போதும் 4ஜி என்ற எழுத்து அசையாமல் நிற்க வேண்டும். வைஃபை வழியாகச் சாதாரண கால் பேசுகிற வசதியும் அதில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அது இருந்தால் மெஷின் பக்கத்திலும் கவலையில்லை.

எனக்குக் கோபம் ஒன்று இருக்கிறது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். மாதாமாதம் டாப் அப் போடுகிற ஆளுக்கு, "உங்கள் போனில் இனிப் பேச்சு சரியாக வராது" என்று தமிழில் வேண்டாம், மலாயிலாவது தெளிவாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் எந்த போன் வைத்திருக்கிறார்கள் என்று கம்பெனிக்குத் தெரியும். வயதானவர்களை ஒருமுறை கூப்பிட்டுச் சொல்வதில் என்ன குறைந்துவிடும்? புகார் கொடுத்து அதன் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கு எழுதுவேன்.

என்னைவிட மோசம் லெட்சுமி அக்கா நிலைமை. அவர் வைத்திருப்பது பட்டன் போன், 2ஜி மட்டும்தான் அதற்குத் தெரியும். சமையலறையில் இருந்தால் 'அவசர அழைப்பு மட்டும்' என்று காட்டுகிறது. வேறு கம்பெனியின் டவர் கிடைத்தால் அதன் வழியாக இங்குள்ள அவசர எண்ணான 999-க்குக் கால் போகும், அந்த மட்டும் நல்லது. ஆனால் மகன் ஜொகூரிலிருந்து கூப்பிட்டால் வராது. கீழே விழுந்தால் 999-க்கு அடிக்கிற நிலையில் இருப்பாரா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தொடுதிரை ஒத்துவராது, விரல் நடுங்குகிறது. 4ஜியில் பேசக்கூடிய பட்டன் போனும் கடையில் இருக்கிறது, பெரிய எழுத்தோடு, நானே கையில் வாங்கிப் பார்த்தேன்.

அவர் மகன் உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவன்தானே. நான் சொன்னால் அம்மா ஏதோ குறை சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வான். நீ பேசு. அவன் சரி என்று சொன்னால் போதும், எனக்கு வாங்கப் போகிற அன்றைக்கே அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன். இந்த வாரத்துக்குள் பேசிவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா