நீண்டகரைக்கு வரும் பை

குளச்சல்,
ஜூலை 14

அன்புள்ள மக்களே,

அத்தை மகன் நீண்டகரைக்கு வருகிறான் என்று நேற்று ராத்திரிதான் தெரிந்தது. அவசரமாக இந்தப் பையைக் கட்டினேன். கடல் தண்ணீர் பம்புக்கு ரப்பர் இம்பெல்லர் இரண்டு, அரிப்பைத் தடுக்க ஜிங்க் நாலு, டீசல் ஃபில்டர் ஆறு, சாஃப்ட் வழியே தண்ணீர் ஏறாமல் அடைக்கக் கொஞ்சம் கிளாண்ட் கயிறு. பழைய லேலண்டு எஞ்சினுக்கு இதெல்லாம் அங்கேயும் கிடைக்கும், தெரியும். இருந்தாலும் கையில் இருக்கட்டும். அடியில் ஒரு சோப்பு டப்பா இருக்கிறது. அதைக் கடைசியில் பிரி.

போன் அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. எஞ்சினைக் கழற்றிப் போட்டிருப்பான், கையெல்லாம் ஆயிலாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று வாரமாக அதையேதான் சொல்கிறேன்.

அங்கே கேரளத்து மீன்பிடித் தடைக்காகப் பாலத்தில் சங்கிலி கட்டி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஜூலை 31 ராத்திரி அவிழ்த்ததும் எல்லாப் படகும் ஒன்றாகப் பாயும். 52 நாள் சும்மா கிடந்த எஞ்சினை அன்றைக்குத்தான் முதலில் ஸ்டார்ட் பண்ணுவது என்று வைத்துக்கொள்ளாதே. வாரம் ஒரு தரமாவது கிராங்கைக் கையால் சுற்றிவிடு. ஆயிலைச் சூடாக இருக்கும்போதே இறக்கு, அழுக்கும் அதோடு வந்துவிடும். கறுப்பாக வந்தால் கவலை இல்லை, டீசல் எஞ்சினில் அப்படித்தான் வரும். பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. அப்புறம் ஸ்டார்ட்டரைத் தொடவே தொடாதே.

டீசல் டாங்கின் அடித் தண்ணீரை வடித்துவிடு. ஃபில்டர் மாற்றினால் காற்றை முழுக்க வெளியேற்று. முதலில் ஃபில்டரின் திருகு, பிறகு பம்பின் திருகு, கடைசியில் இன்ஜெக்டர் நட்டு. குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை கைப்பம்பை அடி, இன்ஜெக்டர் நட்டுக்கு மட்டும் எஞ்சினைச் சுற்றவிடு. உனக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. பதின்மூன்று வயதிலேயே ஓடுகிற எஞ்சினில் ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி, எதைத் தளர்த்தினால் சத்தம் மாறவில்லையோ அந்த நாசில்தான் கெட்டது என்று காட்டியவன் நீ. யார்டில் அத்தனை பேரும் பார்த்தார்கள். நார்வேக்காரர்கள் 1953இல் மீன்பிடித் திட்டத்தோடு நீண்டகரைக்கு வந்தபோது எஞ்சின் படகைப் பார்க்கவே இங்கிருந்து போனவர் தாத்தா. அவர் இருந்திருந்தால் உன்னைத் தோளில் தூக்கியிருப்பார். நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பா வந்தால் காட்டணும் என்று தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள். உன் வீட்டுக்காரி ஒன்றும் சொல்வதில்லை, நானும் கேட்கவில்லை. இங்கே நமக்கும் ஜூன் 1 முதல் தடைதான். ஊர்ப் பையன்கள் எல்லாரும் வீட்டில்தான் இருக்கிறார்கள். எஞ்சினைக் கவனி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நீண்டகரை என்ன பத்து நாள் பயணமா?

ஜிங்க் பாதி கரைந்திருந்தால் மாற்றிவிடு. கிளாண்டை இறுக்கி முடுக்காதே. ஓடும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வரட்டும், இல்லாவிட்டால் சாஃப்ட் சூடாகித் தேய்ந்துவிடும். படகைத் தண்ணீரில் இறக்கி இரண்டு நாள் கழித்துக் எஞ்சினையும் சாஃப்டையும் இணைக்கிற கப்ளிங் நேராக இருக்கிறதா பார். கரையில் நேராக இருந்தது தண்ணீரில் இறங்கியதும் நேராக இருக்காது. ஆயிலைச் சூடாக இறக்கு, முன்பே சொன்னேனோ.

இம்பெல்லரை இப்போதே கழற்றி வை. ரப்பர் பல் இரண்டு மாதம் ஒரே பக்கம் வளைந்து கிடந்தால் திரும்பி எழாது. புதிதைப் போடும்போது கிரீஸ் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். பழையதில் பல் குறைந்திருந்தால் குறைந்த துண்டைத் தேடி எடுக்காமல் விடாதே. அது எஞ்சினைக் குளிர்விக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

சோப்பு டப்பாவில் இருப்பது நம் பழைய படகின் இம்பெல்லர். கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பாங்கில் மீன்பிடிக்கப் போனபோது எஞ்சின் கொதித்து ஹெட் கேஸ்கெட் போனதே, அந்தப் பயணத்தில் இருந்தது. எண்ணிப் பார், மூன்று பல் இல்லை. அந்த வருஷம் தடை முடிந்து இறக்கும்போதே ரப்பர் வெடித்திருந்ததைப் பார்த்தேன். இன்னும் ஒரு சீசன் ஓடட்டும் என்று நான்தான் திரும்ப மாட்டினேன். உனக்குத் தெரியாது. நீ டெம்பரேச்சர் மீட்டரைப் பார்க்காமல் தூங்கிவிட்டாய் என்று ஆறு பேர் முன்னால் உன் கன்னத்தில் அடித்தேன். நீ தூங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். முள் ஏறுகிறது என்று இரண்டு தரம் கூப்பிட்டாய். மடி வலையை இழுத்துக்கொண்டிருந்ததால் நான் எஞ்சினை நிறுத்தவில்லை. கரைக்கு வந்து பம்பைத் திறந்தேன், இதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். யாருக்கும் காட்டவில்லை, அம்மாவுக்கும். அதற்கப்புறம் நீ என் படகில் ஏறவில்லை. ரோஷக்காரன் என்று ஊரில் நானே சொல்லித் திரிந்தேன்.

இத்தனை வருஷம் அது பரண்மேல் இருந்தது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை, எழுதிவிட்டேன்.

அத்தை மகன் ஞாயிறு திரும்புகிறான். பை அம்மாவுடையது, சந்தைக்குக் கொண்டுபோகிற பை. அவனிடம் கொடுத்தும் அனுப்பலாம். நீயே கொண்டுவந்தால், பல் இன்னும் தீப்பெட்டியில்தான் இருக்கும்.

அப்பா