ஆண்டுப் பொதுக்கூட்டம்: செயலாளர் அறிக்கை, 2025

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "சமூக நீதி என்று பேனர் கட்டுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கலைகிறோம்" என்றார். சிலருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னதை வைத்துத்தான் இந்த ஆண்டின் வேலைத்திட்டம் அமைந்தது. மேடை நிகழ்ச்சிகள் குறைந்தன. பொன்னாடை அறவே கிடையாது. மிச்சப்பட்ட பணம் வெளிநாட்டு ஊழியர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை உதவி மேசைக்குப் போனது.

அந்த மேசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஞாயிறு மாலை சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுக்கு வரும் ஊழியர்கள் தேக்கா சந்தையில் சாமான் வாங்கி, ஊருக்குப் பணம் போட்டு, கூட்டாளிகளைப் பார்த்துவிட்டு இரவுக்குள் தங்குவிடுதிக்குத் திரும்பிவிடுவார்கள். அந்த இடைவேளையில்தான் நம்மிடம் வந்து உட்காருகிறார்கள். சம்பளச் சீட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் நம் வேலை, வேறொன்றும் பெரிதாக இல்லை. விவரமான சம்பளச் சீட்டு தர வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் சட்டம். வாரத்துக்கு 44 மணி நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓவர்டைம் பணமும் கைக்கு வர வேண்டும். இதெல்லாம் பல தம்பிமாருக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரிந்தும் கேட்பதில்லை. ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் அடைபடும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

சரி, கடன் அடைந்த பிறகு கேட்கலாம் என்றால் அங்கே இன்னொரு சிக்கல். சம்பளப் புகாரை வேலையில் இருக்கும்போதே என்றால் ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள். பொறுமையாக இருப்பவருக்குத்தான் நஷ்டம். அதனால் சிறிய நோட்டுப் புத்தகம் அச்சடித்துக் கொடுத்தோம். வேலைக்குப் போன நேரம், முடிந்த நேரம், எந்த சைட், அவ்வளவுதான் எழுத வேண்டும். புகார் கொடுக்கிறாரோ இல்லையோ, கையில் கணக்கு இருக்கட்டும். எல்லா முதலாளிகளும் மோசம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். சிலருடைய சம்பளச் சீட்டு நம் சங்கத்தின் வரவுசெலவுக் கணக்கைவிடச் சுத்தமாக இருந்தது. பொருளாளர் மன்னிப்பாராக.

மார்ச்சில் மகளிர் தினத்துக்கு இம்முறை கோலப் போட்டி இல்லை. தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றிப் பேச்சு வைத்தோம். தென்னாப்பிரிக்காவில் ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஊர் திரும்பாத இந்தியத் தொழிலாளர்மீது ஆண்டுக்கு 3 பவுண்டு வரி விதித்திருந்தார்கள். அந்த வரியையும் எதிர்த்து நடந்த 1913 போராட்டத்தில் சிறை சென்ற வள்ளியம்மை அங்கே பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். அதே ஆண்டில் அந்த வரியும் ஒழிந்தது. கூட்டத்தில் எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். அப்புறம் ஓர் இல்லப் பணிப்பெண் தம் ஓய்வு நாளைப் பற்றிப் பேச வந்தார். வாரம் ஒருநாள் ஓய்வு 2013இலேயே வந்துவிட்டது. ஆனால் அந்த நாளுக்குப் பதிலாகப் பணம் கொடுக்கவும் இடம் இருந்தது. 2023 முதல்தான் மாதத்தில் ஒருநாளையாவது பணமாக மாற்ற முடியாது என்று ஆனது. "இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் வாரம் ஒருநாள் லீவு?" என்று அவர் கேட்டதும் நம்மில் சிலர் தேநீர் குடிக்க எழுந்துவிட்டார்கள். நூறாண்டுக்கு முந்திய அநியாயத்துக்குக் கண்கலங்குவது சுலபம். என்னைக் கேட்டால் இந்த ஆண்டின் நல்ல நிகழ்ச்சி இதுதான்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை பற்றிய உரை ஆகஸ்டில் நடந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் வந்திருந்தார்கள். நேரம் போதவில்லை, மறுபடி வைக்க வேண்டும்.

பாலஸ்தீன மக்களுக்கு ஆதரவாக, பொதுமக்கள் கூடிப் பேச இடமுள்ள ஹோங் லிம் பூங்காவில் கூட்டம் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நீண்ட விவாதம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தவிர மற்றவர்கள் அங்கே கலந்துகொள்ள போலிஸ் அனுமதி தேவை. ஞாயிறு மேசைக்கு வரும் தம்பிமார் தெரியாமல் வந்து நின்றாலே அவர்கள் வேலை அனுமதிக்கு ஆபத்து. அதனால் சங்கம் என்ற முறையில் வேண்டாம், தனிப்பட்ட முறையில் போக விரும்பும் குடிமக்கள் போகட்டும் என்று முடிவானது. முடிவு ஒருமனதாக இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கி, மலையகத்தில் மண்சரிவுகள் ஏற்பட்டபோது இளைஞர் அணி மறுநாளே உண்டியலோடு சிராங்கூன் சாலையில் இறங்கத் தயாராக இருந்தது. வேகம் நல்லதுதான். ஆனால் வெளிநாட்டு நிவாரணத்துக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். ஆகவே அனுமதி பெற்ற அமைப்புகளுக்கு நேரடியாகக் கொடுக்கச் சொல்லி உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டோம். பழைய துணி மூட்டைகளைச் சங்க அறையில் கொண்டுவந்து வைத்தவர்கள் தயவுசெய்து திரும்ப எடுத்துச் செல்லவும். கப்பல் செலவு துணியின் விலையைவிட அதிகம்.

டிசம்பர் 18, அனைத்துலகக் குடியேறிகள் தினம், வழக்கம்போல் விருந்தோடு நடந்தது. இந்த முறை சமைத்தது ஊழியர்கள், பரிமாறியது செயற்குழு. உப்பு குறைவு என்று புகார் ஏதும் வரவில்லை.

இந்தக் கூட்டம் முடிந்து ஒரு மாதத்துக்குள் சங்கப் பதிவகத்துக்கு ஆண்டு விவரங்களை அனுப்ப வேண்டும் என்பதால், கணக்கறிக்கையோடு இவ்வறிக்கையையும் இன்றே ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு மேசைக்குப் பங்களாதேஷ் ஊழியர்களும் வரத் தொடங்கிவிட்டார்கள், நம்மிடமோ வங்காளம் பேச ஆள் இல்லை. தெரிந்தவர்கள், அல்லது தெரிந்த நண்பர் இருப்பவர்கள், சாப்பாட்டுக்குப் போகுமுன் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்