லிப்போ பேக் சார்ஜ் போடுபவர்கள் கவனத்துக்கு

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ரிமோட் மாடல்களில் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பேக்குக்கு சார்ஜ் போடும்போது, சார்ஜரில் லிப்போ முறைதான் தேர்வாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். நிக்கல் பேட்டரி முறையில் ஓடும் சார்ஜர், பேட்டரி நிறைந்ததும் வோல்ட்டேஜ் லேசாக இறங்குவதற்காகக் காத்திருக்கும். லிப்போவில் அந்த இறக்கம் வராது. செல் 4.20 வோல்ட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போய் உப்பும், தீயும் பிடிக்கலாம்.

கரண்ட் 1சி (பேக்கின் கொள்ளளவை ஒரு மணி நேரத்தில் நிரப்பும் அளவு) போதும்: 2200 எம்ஏஎச் பேக்குக்கு 2.2 ஆம்பியர், 850க்கு 0.85. லேபிளில் 5சி என்று போட்டிருந்தாலும் அவசரமில்லாதபோது எதற்கு?

ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் தனித்தனியாகச் சார்ஜருக்குக் காட்டும் பேலன்ஸ் ஒயரைச் செருகாமல் சார்ஜ் போடவே கூடாது. மூன்று செல் பேக்கில் மொத்தம் 12.60 என்று ஒழுங்காகக் காட்டும்; உள்ளே ஒன்று 4.30, மற்ற இரண்டும் 4.15 ஆக இருக்கலாம். மொத்தத்தை மட்டும் பார்க்கும் சார்ஜருக்கு அது தெரியாது. எப்போதும் ஒரே செல் 0.1 வோல்ட்டுக்கு மேல் பின்தங்கினால் அந்தப் பேக்கை ஓரங்கட்டுங்கள்.

ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜ் வேண்டாம், ஆறட்டும். உப்பியது, நசுங்கியது, செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்தது எதற்கும் சார்ஜ் கிடையாது. "நிக்கல் முறையில் போட்டுக் கொஞ்சம் எழுப்பிவிடலாம்" என்ற யோசனையைத் தயவுசெய்து இங்கே பகிராதீர்கள்.

மாடலிலிருந்து கழற்றி, சிமென்ட் தரையிலோ டைல்ஸ் மேலோ வைத்துப் போடுங்கள். ஆள் பக்கத்திலேயே இருக்கணும்.

இரண்டு மூன்று நாளைக்கு மேல் சும்மா இருக்கும் என்றால் ஸ்டோரேஜ் முறையில் செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட்டில் வையுங்கள். முழு சார்ஜில் கிடக்கும் பேக்கின் உள்தடை (உள்ளே கரண்ட் ஓட்டத்துக்கு இருக்கும் தடை) சீக்கிரம் ஏறிவிடும்.