வெண்ணெய் எடை பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்துமஸ் கேக் ஆர்டரில் எல்லோரும் மூச்சுவிட நேரமில்லாமல் இருப்பீர்கள். ஆனாலும் நம் கடை வெண்ணெயில் எடை குறைகிறது, டால்டா கலக்கிறார்கள், அதனால் கேக்கின் அடியில் எண்ணெய் கசிந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

டால்டா என்ற சொல்தான் சுடுகிறது. ஆனால் பதிவில் பேசும் சகோதரியே வெண்ணெய் பற்றாமல் பாதிக்கு நெய் போட்டதாகவும் சொல்கிறார். கேக்கின் அடியில் எண்ணெய் கசிந்தது அதனால்தான். வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 சதவீதம், மீதி பெரும்பாலும் தண்ணீர். நெய் ஏறக்குறைய முழுக் கொழுப்பு. 100 கிராம் வெண்ணெய்க்கு 100 கிராம் நெய் போட்டால் கொழுப்பு 20 கிராம் கூடும், மாவுக்கு ஈரம் குறையும். கேக் துண்டு போடும்போதே உதிரும். 80 கிராம் நெய், 16 மில்லி பால்: இதுதான் கணக்கு. நெய்யை உருக்கி ஊற்றாதீர்கள். மணல்மணலாக உறைந்த பதத்தில் சர்க்கரையோடு அடித்தால்தான் கொஞ்சமாவது காற்று பிடிக்கும்.

வெண்ணெயும் அப்படித்தான். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் பளபளப்பு ஒட்டக் கூடாது. நம் ஊர் வெக்கையில் அந்தப் பதம் சில நிமிடம்தான் நிற்கும். சர்க்கரையையும் கிண்ணத்தையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். உப்பு வெண்ணெய் வாங்கினால் குறிப்பில் உள்ள உப்பை விட்டுவிடலாம்.

எடைக்கு வருவோம். யூடியூபில் "ஒரு கப் வெண்ணெய்" என்பது 240 மில்லி கப், 227 கிராம். வீட்டு 200 மில்லி டம்ளரில் 190 கிராம்தான் பிடிக்கும். கட்டியாக அள்ளிப் போட்டால் இடையில் காற்று நின்று இன்னும் குறையும். நம் தராசு முத்திரை வைத்தது, கல்லாவுக்கு எதிரிலேயே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள்.

ஷார்ட்டனிங்கில் (பேக்கிங்குக்குப் போடும் கெட்டிக் கொழுப்பு) பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்றும் சிலர் கேட்கிறார்கள். நாம் விற்பது தாவர எண்ணெயில் செய்தது, பெட்டியில் பச்சைப் புள்ளி உண்டு. வெளிநாட்டு ஆப்பிள் பை குறிப்பில் லார்டு, அதாவது பன்றிக் கொழுப்பு, என்றிருந்தால் அதே எடைக்கு இதைப் போடலாம். வெண்ணெய்தான் வேண்டுமென்றால் 100 கிராம் லார்டுக்கு 125 கிராம். பிசையும் தண்ணீரில் 20 மில்லி குறையுங்கள்.

கொள்முதல் விலை ஏறியதால் இந்த மாதம் முதல் வெண்ணெய்ப் பொட்டலம் 250 கிராமுக்குப் பதில் 200 கிராம். விலை பழையதே.

யார் என்ன சொன்னாலும் நேரே கடைக்கு வந்து கேட்ட உங்களுக்கு மனமார்ந்த நன்றி. அந்த நம்பிக்கையில்தான் கடை ஓடுகிறது. குறிப்பு நோட்டில் "ஒரு பொட்டலம்" என்று எழுதி வைத்திருப்பவர்கள் "ஒன்றேகால்" என்று திருத்திக்கொள்ளவும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்